பெரிய திரையில் மறுபடியும் ‘ஆயிரத்தில் ஒருவன்’

2024 ஏப்ரலில் ‘கில்லி’ படத்தை இருபது வருடம் கழித்து மறுபடியும் தியேட்டரில் போட்டார்கள். பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்த என் பேரன் நண்பர்களோடு போய்விட்டு, தொண்டை கட்டி, தலைமுடியெல்லாம் காகிதத் துணுக்கோடு வீடு வந்து சேர்ந்தான். வந்ததும் அவனுக்கும் என் மகனுக்கும் வாக்குவாதம்.

“டி.வி.யில நூறு தடவை போட்டாச்சு. போன்லயும் இருக்கு. அதுக்குக் காசு கொடுத்து தியேட்டர்ல போய் எதுக்குடா கத்தணும்?” என்பது மகனின் கட்சி.

பேரனுக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. “அது வேறப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

நான் வாயைத் திறக்கவில்லை. பென்ஷன் வாங்குகிறவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அது. ஆனால் என் ஓட்டு பேரனுக்குத்தான். அவன் சொல்லத் தெரியாமல் விட்டதைப் பத்து வருடத்துக்கு முன்னால் நானே அனுபவித்திருக்கிறேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

2014 மார்ச்சில் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தை டிஜிட்டலில் புதுப்பித்துத் திரையிட்டார்கள். கார்த்தி நடித்தது அல்ல, எம்.ஜி.ஆர். நடித்தது. பி.ஆர். பந்துலு எடுத்து 1965 ஜூலையில் வந்த வண்ணப்படம். எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் சேர்ந்து நடித்த முதல் படம். இதற்கு இரண்டு வருடம் முன்னால், 2012ல், அதே பந்துலுவின் ‘கர்ணன்’ (1964) இப்படித்தான் புதுப்பித்து வந்து நூறு நாளைத் தாண்டி ஓடியது. ‘ஆயிரத்தில் ஒருவன்’ அதையும் மிஞ்சி, சென்னையில் வெள்ளி விழா கண்டது. கிட்டத்தட்ட ஐம்பது வருடம் பழைய படம்!

விளம்பரத்தைப் பேப்பரில் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது எம்.ஜி.ஆர். அல்ல. என் பெரியப்பா மகன். எங்கள் அண்ணன்.

எங்களுடையது பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். ஏரியைத் தோணியில் தாண்டி, திருப்பாலைவனம் ரோட்டைப் பிடித்து நடந்தால் ஒரு டென்ட் கொட்டாய் இருந்தது. ஆறு மணிக்கு மேல் ஒலிபெருக்கியில் சாமி பாட்டு போடுவார்கள். காற்று நம் பக்கம் அடித்தால் ஏரியில் இருக்கும்போதே அது கேட்கும். பாட்டு கேட்டதும் அண்ணன் துடுப்பை வேகமாகப் போடுவார்.

தரை டிக்கெட் நாலணா. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் ஒரு சின்னத் தடுப்பு. மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டியது. பின்னால் இருப்பவர் திட்டினால் மேட்டைக் கொஞ்சம் கலைக்க வேண்டியது. மெஷின் ஒன்றே ஒன்றுதான். ஒரு சுருள் முடிந்து அடுத்ததை மாட்டும் வரை இடைவேளை. அதனால் ஒரு படத்துக்கு மூன்று நாலு இடைவேளை, மூன்று நாலு முறை முறுக்கு, சோடா. பட்டணத்தில் ஓடி, பெரிய ஊர்களில் ஓடி, தேய்ந்து கிழிந்து ஒட்டுப்போட்ட பிரிண்டுதான் எங்களுக்கு வரும். படம் முழுக்க மழை பெய்வது போல் கோடு. அப்படித்தான் ‘ஆயிரத்தில் ஒருவன்’ எங்களிடம் 1966ல் வந்து சேர்ந்தது. எனக்குப் பதினொரு வயது, அண்ணனுக்குப் பதினேழு. நண்டு விற்ற காசில் அண்ணன் என்னை நாலு தடவை கூட்டிப் போனார்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெய்தல் நாட்டில் ஒரு கொடுங்கோலன் ஆட்சி. மணிமாறன் என்ற வைத்தியன், அடிபட்டுக் கிடந்த கிளர்ச்சிக்காரர்களுக்கு மருந்து போட்டதற்காக ராஜதுரோகி ஆகிறான். அவனையும் அந்தக் கிளர்ச்சிக்காரர்களையும் கப்பலேற்றி, கன்னித் தீவில் அடிமைகளாக விற்றுவிடுகிறார்கள். பிறகு கடற்கொள்ளைக்காரனாக நம்பியார், கப்பல், கத்திச் சண்டை, விடுதலை. 1935ல் எரால் பிளின் நடித்த ‘கேப்டன் பிளட்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று புரியும். அந்த விவரமெல்லாம் எங்களுக்கு எதற்கு? நெய்தல் நாடு என்றால் அது எங்கள் நாடு, கடலும் கப்பலும் எங்கள் சமாச்சாரம். அவ்வளவுதான். கப்பல் காட்சிகளைக் கார்வாரில் போய் எடுத்தார்களாம். அண்ணனுக்கு அதில் மட்டும் சந்தேகம். “கப்பல் நின்னுக்கினே கீது. கேமராதான் ஆடுது” என்பார்.

அந்தப் படத்தில் மணிமாறனையும் கூட்டாளிகளையும் ஏலம் விடும் காட்சி ஒன்று உண்டு. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுதான் மிகவும் பிடித்த காட்சி. ஏலம் எங்களுக்குத் தெரிந்த விஷயமல்லவா? தினமும் காலையில் கரையில் இறாலையும் மடவையையும் கொட்டி ஏலம் கூறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். படம் பார்த்த மறுநாளிலிருந்து எங்கள் விளையாட்டே அதுதான். ஒருவனை மணலில் நிற்கவைத்து, பல்லைப் பார்த்து, கையை முறுக்கிப் பார்த்து விலை கேட்க வேண்டும். பெரிய பையனான அண்ணன்தான் ஏலக்காரர். என்னை நிற்கவைத்து, “ஒல்லிப் பயல், வலை இழுக்க ஆகமாட்டான், கணக்கு மட்டும் போடுவான்” என்று சொல்லி நாலணாவுக்குத் தள்ளிவிட்டார். ரொம்ப நாள் வரை எனக்கு ‘நாலணா’ என்றுதான் பெயர்.

கணக்கு போட்டதால் நான் படித்தேன். 1972ல் சென்னையில் கல்லூரி, விடுதி. பணத்துக்கு அப்பாவால் வழியில்லை. அண்ணன் ஒரு இறால் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி என்னைச் சேர்த்துவிட்டார். முன்பணம் என்றால் என்ன என்று கடற்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கொடுத்தவர் வட்டி கேட்க மாட்டார். ஆனால் கடன் தீரும் வரை நீங்கள் பிடிப்பதையெல்லாம் அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். பக்கத்தில் ஏலத்தில் அதே இறால் என்ன விலைக்குப் போனாலும் சரி, நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

பட்டணம் போன நான் என்ன செய்தேன்? பிலிம் சொசைட்டியில் சேர்ந்தேன். வங்காளப் படமும் ஜப்பான் படமும் பார்த்தேன். அதில் தப்பில்லை. நல்ல படங்கள், இன்றும் அவற்றை மறக்கவில்லை. ஆனால் ஒரு விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அண்ணன், “தம்பி, கொட்டாய்ல நம்ம படம் மறுபடி போட்டுக்கினு கீறான், வா” என்று ஆசையாகக் கூப்பிட்டார். நான், “இன்னுமா அண்ணா இந்தக் கத்திச் சண்டையெல்லாம் பாக்கறே? சின்னப் பசங்க பாக்கற படம் இது” என்றேன். வலை பின்னிக்கொண்டிருந்த நாலைந்து பேருக்கு முன்னால் சொன்னேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தனியாகப் போனார். அதன் பிறகு என்னை எந்தப் படத்துக்கும் அவர் கூப்பிட்டதில்லை.

எனக்கு அரசாங்க வேலை கிடைத்ததும் அந்த முன்பணத்தை நான் அடைத்தேன் என்று இங்கே எழுத ஆசைதான். இல்லை. கல்யாணம், வாடகை வீடு, குழந்தை என்று ஒவ்வொன்றாக வந்தது. அண்ணன்தான் 1983 வரை இறாலாகப் போட்டுப் போட்டு அடைத்தார். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொன்னால் அது பொய்.

சரி, 2014க்கு வருகிறேன். ரிடையர் ஆகி ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் ஊருக்குப் போய், “அண்ணா, நம்ம படம் வந்திருக்கு, வா” என்றேன். அறுபத்தைந்து வயது மனிதர். ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சின்னப் பசங்க பாக்கற படம்னியே” என்றார். நாற்பது வருடம் அதை உள்ளே வைத்திருந்திருக்கிறார். ஆனால் உடனே வெள்ளை வேட்டியை எடுத்து வரச் சொல்லி வீட்டுக்குள் குரல் கொடுத்துவிட்டார்.

பொன்னேரியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, எழும்பூர் ஆல்பர்ட் தியேட்டருக்குப் போனோம். கூட்டத்தில் பாதிப் பேர் எங்கள் வயது. மீதிப் பேர் அவர்களைக் கூட்டிவந்த பிள்ளைகள். எம்.ஜி.ஆர். முகம் வந்ததும் எழுந்த சத்தத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நம்பியாருக்கும் நாகேஷுக்கும் கூடக் கைதட்டல். அவர்கள் யாரும் அப்போது உயிரோடு இல்லை. டி.எம்.எஸ். போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. விஸ்வநாதன்–ராமமூர்த்தி பாட்டு ஒவ்வொன்றும் ஆரம்பிக்கும்போது மொத்தத் தியேட்டரும் கூடவே பாடியது. பக்கத்து சீட்டில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் அழுதுகொண்டே பாடினார். அண்ணன் பாடவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தபடி இருந்தார். கொட்டாயில் மழைக் கோடு வழியாகப் பார்த்த கடல் இங்கே நீலமாக இருந்தது. கப்பலின் கயிறுகளைத் தனித்தனியாக எண்ணலாம் போல் இருந்தது.

ஏலக் காட்சி வந்தது.

அண்ணன் என் பக்கம் சாய்ந்து, காதோடு, “நாலணா” என்றார்.

சிரித்திருக்க வேண்டும். அவர் சிரிப்பதற்குத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் என்னை விற்று விளையாடினார். நிஜத்தில் விலை போனது யார் என்று அந்த நேரத்தில், அந்த இருட்டில், அவ்வளவு பெரிய திரைக்கு முன்னால்தான் எனக்கு முழுசாக உறைத்தது. வீட்டில் டி.வி.யில் அந்தக் காட்சியை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவையும் உறைக்கவில்லை. பாதியில் காபி வரும், போன் வரும், விளம்பரம் வரும். தியேட்டரில் எங்கே ஓடுவது?

திரும்பி வரும்போது ரயிலில் அண்ணனுக்கு ஒரு விஷயம் சொன்னேன். ரிடையர் ஆன பிறகு நான் நம் ஊர்ச் சரித்திரத்தைக் கொஞ்சம் படிக்க ஆரம்பித்திருந்தேன். பழவேற்காட்டில் டச்சுக்காரன் 1613ல் கெல்ட்ரியா கோட்டை கட்டினான், துணி வியாபாரம் செய்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய அந்தக் கல்லறைத் தோட்டத்தை வெளியூர்க்காரர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் அதே டச்சுக்காரன் இந்தக் கரையிலிருந்து மனிதர்களையும் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினான். பதினேழாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான பேர், பஞ்ச காலத்தில் கஞ்சிக்கு வழியில்லாமல் தன்னையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் உட்பட, பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாகப் போனார்கள். நாங்கள் ஏல விளையாட்டு விளையாடிய கரைக்கு அதிக தூரமில்லை. கன்னித் தீவு கற்பனை. ஆனால் அந்த ஏலம் எங்கள் ஊருக்குக் கற்பனை இல்லை.

அண்ணன் கேட்டுக்கொண்டே வந்தார். எண்ணூர் தாண்டியதும் சொன்னார்: “அப்போ அந்தக் கப்பலுக்கு எம்.ஜி.ஆர். வரல போல.”

பிறகு நான் முன்பணப் பேச்சை எடுத்தேன். நாற்பது வருடம் தள்ளி. “அத்த உடு” என்றார். “ஆனா இன்னைக்குப் பார்த்தப்புறம் ஒண்ணு தோணுது. கப்பல் நெசமாத்தான் ஓடியிருக்கும்.” அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது என் மகனின் கேள்விக்கு வருகிறேன். போனில் இருப்பதைத் தியேட்டரில் போய் ஏன் பார்க்க வேண்டும்?

போனில் இருப்பது படத்தின் சங்கதி மட்டும்தான். கடலை ஐந்து அங்குலத்தில் பார்த்தால் அது குட்டை. இது ஒன்று. இரண்டாவது, தியேட்டரில் நிறுத்த முடியாது, தள்ள முடியாது. மூன்று மணி நேரம் படம் சொல்லும் வேகத்தில்தான் நீங்கள் போக வேண்டும். நமக்குப் பிடிக்காத இடத்தையும் கடந்துதான் ஆக வேண்டும். மூன்றாவது, தெரியாத ஆயிரம் பேரோடு உட்கார்ந்து பார்க்கிறோம். நாம் சிரித்த இடத்தில் அவர்கள் சும்மா இருக்கிறார்கள், நாம் சும்மா இருந்த இடத்தில் அவர்கள் அழுகிறார்கள். அதைப் பார்த்து நம்மையே ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொள்கிறோம். படம் 1965ல் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. மாறியது யார், எவ்வளவு மாறினோம் என்று அளந்து பார்க்க அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை.

பழைய படமெல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. ‘ஆயிரத்தில் ஒருவ’னிலேயே குறை சொல்ல எனக்கு நிறைய உண்டு. ஊரே சேர்ந்து பட்ட கஷ்டத்தை ஒரே ஆள் வந்து தீர்த்துவைப்பார் என்கிறது. எங்கள் ஏரியில் அப்படி நடப்பதில்லை. சுத்துவலைக்கு எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று குப்பங்கள் கூடி, சீட்டுப் போட்டு, பாடு பிரித்துக்கொள்கிற முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஆயிரம் பேரும் உட்கார்ந்து பேசித்தான் அது நடக்கிறது. இப்படி வாதாடத் தோன்றுவதுகூட அந்தப் படத்தை மறுபடி ஒழுங்காகப் பார்த்ததால்தான்.

மகன் இன்னொன்றும் சொன்னான். அதில் நியாயம் இருக்கிறது. “பழைய படத்துக்கே ஸ்கிரீனைக் கொடுத்தா, புதுசா வர்ற சின்னப் படம் எங்கே போகும்?” உண்மைதான். ரசிகர் கூட்டத்தை நம்பி வெள்ளி, சனி, ஞாயிறு மாலைக் காட்சியைப் பழைய படத்துக்குக் கொடுப்பதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் வார நாட்களில் காலைக் காட்சி பல ஊர்களில் காலியாகத்தானே கிடக்கிறது? எங்களைப் போன்ற ஆட்களுக்கு அந்த நேரம்தான் தோது. டிக்கெட்டைக் குறைத்து, வாரம் ஒரு நாள், சென்னைக்கு மட்டும் என்றில்லாமல் பொன்னேரி மாதிரி ஊர்களிலும் போடலாம். 2014ல் நான் கூட்டிப் போகாவிட்டால் அண்ணனால் பட்டணம் வந்து பார்த்திருக்க முடியாது. எங்கள் குப்பத்தில் அவர் வயதுக்காரர்கள் யாரும் பார்க்கவும் இல்லை.

புதுப்பிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோடுகளை எடுங்கள், நிறத்தைச் சரிசெய்யுங்கள், சத்தத்தைத் தெளிவாக்குங்கள். ஆனால் அந்தக் காலப் படம் கிட்டத்தட்ட சதுர வாக்கில் எடுக்கப்பட்டது. அகலத் திரையை நிரப்புவதற்காக மேலேயும் கீழேயும் வெட்டாதீர்கள், பக்கவாட்டில் இழுக்காதீர்கள். பக்கத்தில் கொஞ்சம் கறுப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கத்திச் சண்டைக்குப் புதிதாக இடிச் சத்தம் சேர்க்க வேண்டாம்.

அதற்கும் முன்னால் படச்சுருள் மிஞ்சியிருக்க வேண்டுமே! தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) ஒரு பிரதிகூட இல்லாமல் போய்விட்டது. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த மௌனப் படம் ‘கீசக வதம்’, அதுவும் இல்லை. 1964லேயே புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்துவிட்டது. ஆனாலும் எத்தனையோ தமிழ்ப் படங்களின் நெகடிவ் கவனிப்பார் இல்லாமல் வீணாகப் போயிற்று. பெரிய ஹீரோ படத்துக்கு மறுவெளியீட்டில் காசு வரும், அதனால் யாராவது காப்பாற்றுவார்கள். ஹீரோ இல்லாத நல்ல படங்களை யார் காப்பாற்றுவார்கள்? அரசாங்கமும் தயாரிப்பாளர் சங்கங்களும் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

அண்ணன் 2019ல் காலமானார். முன்பணத்தைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவில்லை. ஆனால் 2014க்குப் பிறகு அவர் என்னை மூன்று தடவை தியேட்டருக்குக் கூப்பிட்டார். மூன்றும் சுமாரான படங்கள்தான். மூன்றுக்கும் போனேன்.

என் மகன் சின்ன வயதில் தலைகீழாக ரசித்த படம் ஏதாவது அடுத்து மறுவெளியீட்டுக்கு வரட்டும். அவனுக்கும் பேரனுக்கும் நானே டிக்கெட் வாங்கிக் கொடுப்பதாக இருக்கிறேன். வாக்குவாதத்தைப் படம் முடிந்து வெளியே வந்து வைத்துக்கொள்ளட்டும்.